பாய் விரித்துக் கறிக்கடைக்குப் போன ரமோனா

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் காலையிலேயே ரமோனா தேஹாதா கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தன் வேனுக்குள் நுழைந்துவிடுவாள். பன்னிரண்டு இருக்கைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொல்லையில் அடுக்குவாள். இடுக்குகளிலிருந்து ஒரு வருஷத்துப் பென்சில் துண்டுகள், மிட்டாய்த் தாள்கள், ஜோடி தொலைந்த சாக்ஸ் எல்லாம் உதிரும். பெருக்கித் தள்ளிவிட்டுப் பலகைக் கட்டில் ஒன்றை உள்ளே பூட்டுவாள். பழைய மேஜைவிரிப்பை வெட்டித் தைத்த திரை சன்னலுக்கு ஏறும். அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நகரத்துப் பிள்ளைகளைப் பதினாறு வருஷமாகப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் அந்த ஆரஞ்சு வேன், பொழுது சாய்வதற்குள் இரண்டு பேர் குடியிருக்கும் வீடாகிவிடும். பின்கண்ணாடியில் எழுதிய ‘குழந்தைகள், கவனம்’ மட்டும் அப்படியே இருக்கும்.

மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் காவலர் ஒவ்வொரு வருஷமும் உள்ளே எட்டிப்பார்த்து, “எங்கம்மா பிள்ளைங்க?” என்பார்.

பக்கத்தில் தூண்டில் கம்பைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் புருஷன் எஃப்ரைனை ரமோனா கையால் காட்டுவாள். “ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். இதைச் சமாளிக்கவே எனக்கு நேரம் பத்தலை.”

வேனின் தலைமேல் ஒரு நீளப் பலகையும் சுருட்டிய இரண்டு பாய்களும் ஒரு பாய்மரமும் கட்டியிருக்கும். அவை எஃப்ரைனுடையவை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவனுக்கு நீச்சலே தெரியாது.

ரமோனாவும் தண்ணீரில் வளர்ந்தவளில்லை. அவள் பிறந்த ஊரில் தண்ணீர் என்றால் திராட்சைத் தோட்டத்துக்கு முறை வைத்துத் திறந்துவிடும் வாய்க்கால்தான், கணுக்கால் நனையும் அளவு. நாற்பத்தேழு வயதில், எஃப்ரைன் மீன்பிடிக்க ஆசைப்பட்டான் என்று முதல்முறையாக ரோதேயோ ஊரை ஒட்டிய குவெஸ்தா தெல் வியெந்தோ ஏரிக்குப் போனார்கள். ஆண்டிஸ் மலையின் மடியில், புல் பூண்டில்லாத பழுப்பு மலைகளுக்கு நடுவே பால் கலந்த பச்சை நிறத்தில் கிடக்கிற அணைக்கட்டு ஏரி அது. காலையில் முகம் பார்க்கலாம். பகல் ஒரு மணிக்கு, ஆபீசுக்கு வருகிற அதிகாரி மாதிரி மணி தவறாமல் காற்று வரும். வந்தால் தொப்பி, துண்டு, நாற்காலி எதுவும் தங்காது. அன்றைக்கு ரமோனா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று அப்படியே தூக்கி ஏரியில் போட்டது. தொட்டி மிதந்து போயே போய்விட்டது. அவள் கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, பாய் விரித்த பலகையில் நின்றபடி ஒருவன் சீறிக்கொண்டு போனான். ஒரு கையால் தொட்டியை அள்ளினான், வளைந்து திரும்பினான், அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தான். கஸ்தோன் என்ற பல் டாக்டர் அவன்.

“ரொம்ப நன்றி தம்பி” என்றாள் ரமோனா. கொஞ்சம் யோசித்தாள். “தொட்டி கிடக்கட்டும். இதை எனக்குக் கத்துக்கொடுப்பியா?”

முதல் நாள் அவள் நாற்பத்து மூன்று முறை விழுந்தாள். கணக்கு எஃப்ரைனுடையது. மீன் ஒன்றும் கடிக்காததால் அவனுக்கு வேறு வேலை இல்லை, ஒவ்வொரு விழுதலையும் கரையிலிருந்து உரக்க எண்ணினான். மறுநாள் உடம்பெல்லாம் கத்தரிக்காய் நிறம். மூன்றாம் கோடையில் இடுப்புக் கொக்கியைப் பாயோடு மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, நேராக ஓட்டக் கற்றாள். ஆனால் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நிற்கும் வெள்ளைப் பாறைவரைதான் போவாள். அதற்கு அப்பால் ஏரி ஆழம். பாறை வந்ததும் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் திரும்பிவிடுவாள். “அந்தப் பாறைக்கு நீதான் வாட்ச்மேனா?” என்று கஸ்தோன் கேலி செய்வான்.

தண்ணீரில்தான் பயமே தவிர அடுப்படியில் அவளுக்கு எதுவும் பொருட்டில்லை. அந்தக் காற்றில் நெருப்பு மூட்டுவதே ஒரு வித்தை. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, காற்று வரும் பக்கம் உடைந்த பலகையை நிறுத்தி, உள்ளே ஹரிஷா என்ற மலைப்புதரின் காய்ந்த சுள்ளியைப் போட்டு எரிப்பாள். பாத்திரம் என்று எதையும் கடையில் வாங்கியதில்லை. தேய்ந்து கழித்த ஏர்க்கலப்பைத் தட்டு ஒன்று, அகலமாக நடுவில் குழிந்தது, அதற்கு மூன்று கால் பற்றவைத்ததுதான் அவள் சட்டி. சக்கர மூடிதான் அதன் மூடி. பூசணிக்காயைச் சுட்டு அதன் வயிற்றுக்குள்ளேயே பாலாடைக்கட்டியை உருக்கித் தருவாள். மாவைப் பிசைந்து நேராகச் சாம்பலில் புதைத்து ரொட்டி எடுப்பாள். “பல்லுல மணல் நறநறங்குதே” என்று யாராவது சொன்னால், “உனக்குன்னு தனியா போட்டது” என்பாள்.

இது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில் நடந்தது. அந்த நாட்டில் ஜனவரிதான் நடுக்கோடை.

அந்த முறை அவர்கள் ஊர்ப்பக்கம் தங்கவில்லை. கூட்டம் அதிகம் என்று ஏரியின் எதிர்க்கரையில், குன்றுக்குப் பின்னால் ஒதுங்கிய ஒரு குடாவில் நான்கு வேன்களை நிறுத்தியிருந்தார்கள். பதினோரு பேர். கஸ்தோன் குடும்பம் உண்டு. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பூனை ஒன்றைக் கூட்டிக்கொண்டு தனியாகச் சுற்றும் தெல்மா உண்டு. தெல்மாவின் நாக்குக்குப் பயந்து காற்றே சுற்றிப் போகும் என்பார்கள். குடாவுக்குள் வர ஒரே மண் பாதைதான். அது ஒரு காய்ந்த ஓடையைக் குறுக்கே தாண்டி வரும்.

நாலாம் நாள் பிற்பகல், மேலே மலையில் வானம் கறுத்தது. குடாவில் ஒரு துளி விழவில்லை. திடீரென்று லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். ஓடையில் செம்மண் நிறத்தில் வெள்ளம், ஆட்டுக்குட்டி பருமன் கற்களை உருட்டிக்கொண்டு வந்தது. ஓடைக்கரை நிழலில்தான் பொதுச் சமையல் கொட்டகை போட்டிருந்தார்கள். எரிவாயு அடுப்பு, பெட்டி பெட்டியாகச் சாமான், எல்லாம் கண்ணெதிரே போயிற்று. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொட்டகைக் கயிற்றைப் பிடித்து இழுத்த கஸ்தோனின் பாதத்தை மட்டும் ஒரு தகரம் நீளமாகக் கிழித்துவிட்டது.

மாத்தே பானத்துக்கான யெர்பா இலைப் பெட்டி மிதந்து போக, அதன் பின்னால் தெல்மா ஓடினாள். “ஐயோ என் யெர்பா! யாராச்சும் அதைப் பிடிங்களேன்! அரிசி போனா போகட்டும்!”

ஒருவரும் பிடிக்கவில்லை. வெள்ளம் ஒரு மணி நேரத்தில் வடிந்தது. பாதை இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம் இருந்தது. வேன் ரேடியோவில், பெரிய சாலையிலேயே பல இடத்தில் மண் சரிந்திருப்பதாகவும், கிளைப் பாதைகளுக்கு மண் அள்ளும் இயந்திரம் வர ஐந்தாறு நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். குன்றுக்குப் பின்னால் போனுக்குச் சிக்னல் கிடையாது. எதிரே, ஏரிக்கு அப்பால், ரோதேயோவின் பாப்ளர் மரங்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

மிச்சம் இருந்தது அரை மூட்டை அரிசி, மாவு, வெங்காயம், இரண்டு பூசணி, ஒரு சரம் பூண்டு, எண்ணெய். உப்பில்லை. கலப்பைத் தட்டு கனத்ததால் வெள்ளத்தோடு போகாமல் மண்ணில் புதைந்து கிடந்தது, தோண்டி எடுத்தார்கள். இரண்டு நாள் உப்பில்லாச் சோறு தின்றார்கள். எஃப்ரைன் விடியலிலிருந்து தூண்டில் போட்டான். ஏரி கலங்கிக் கிடந்ததால் ஒரு மீனும் வரவில்லை. “கலங்காதப்ப மட்டும் வந்துச்சாக்கும்” என்றாள் தெல்மா.

அர்ஜென்டினாக்காரன் பசியைப் பொறுத்துக்கொள்வான், மாத்தே இல்லாமல் அவனால் முடியாது. ஒரே குடுவை, ஒரே குழல், கை மாறிக் கை மாறி உறிஞ்சுகிற அந்தக் கசப்புப் பானம் காலையில் உள்ளே இறங்காவிட்டால் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க முடியாது. யார் வேனிலோ கிடந்த ஒரு பிடி யெர்பா இலையை ஊறவைத்து, குடித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்தார்கள். மூன்றாம் நாள் காலை தெல்மா ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் குடுவையைக் கீழே வைத்தாள்.

“இது மாத்தே இல்லை. பூனையைக் குளிப்பாட்டின தண்ணி.” பிறகு குரலை இறக்கி ரமோனாவிடம் சொன்னாள்: “விளையாட்டுக்குச் சொல்லலை ரமோனா. கஸ்தோன் கால் நேத்தைவிட இன்னைக்குச் சூடா இருக்கு. எங்கிட்ட இருந்த மருந்து முடிஞ்சுபோச்சு. சீழ் வைக்கறதுக்குள்ள மாத்திரை வேணும்.”

எதிர்க்கரைக்குப் பலகையில் போய்வரக்கூடிய ஒரே ஆள் கஸ்தோன். அவன் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடந்தான். அவன் மனைவிக்குப் பாய் பிடிக்கத் தெரியாது. மற்றவர்கள் மீன்காரர்கள், சீட்டாடுகிறவர்கள்.

“நான் போறேன்” என்றாள் ரமோனா.

எஃப்ரைன் திரும்பிப் பார்த்தான். “எங்க போறே, குண்டம்மா?” அவள் ஒல்லிதான். அந்தப் பக்கத்தில் புருஷன்மார் கொஞ்சுவது அப்படி.

“கறிக்கடைக்கு.”

கஸ்தோன் எழுந்து உட்கார்ந்தான். கேலி பேசவில்லை. “காத்து பக்கவாட்டுல அடிக்குது, போகவும் வரவும் ஒரே கோடுதான். நேரா அந்தப் பெரிய பாப்ளரைப் பார்த்து ஓட்டு. சின்னப் பாயைக் கட்டிக்கோ. எட்டு மணிக்குக் காத்து விழுந்துடும், ஏழுக்குள்ள திரும்பிடு. விழுந்தா பலகையை விடாதே, அது உன்னை விடாது.”

ஒரு மணிக்குக் காற்று வந்தது. எஃப்ரைன் நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து அவளுடைய இறுக்கமான ரப்பர் சட்டைக்குள் சொருகினான். அவள் இடுப்புக் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். ரமோனா முதுகில் வெறும் பையை மாட்டிக்கொண்டு, பாயைத் தூக்கினாள். பலகை நகர்ந்தது.

ஊர்க்கரையில் இருப்பதுபோலவே இந்தக் குடா முடிகிற இடத்திலும் ஒரு வெள்ளைப் பாறை நின்றது. கை தன்னால் திரும்பப் பார்த்தது. திருப்பாமல் பிடித்துக்கொண்டாள். பாறை பின்னால் போயிற்று. பச்சையாக இருந்த தண்ணீர் கறுத்தது. அலைகள் வேனின் கூரை உயரம் என்று அவளுக்குப் பட்டது, பாதிக்குமேல் பயம் காட்டிய உயரம்தான். காலடியில் எவ்வளவு ஆழமோ என்று நினைத்தபோது பாயைத் தளர்த்திவிட்டாள், பலகை தள்ளாடியது. அப்போது பல வருஷத்து வேன் பழக்கம் அவள் வாயைத் திறந்தது. பின்சீட்டில் கும்மாளம் போடும் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் அலைகளைப் பார்த்துக் கத்தினாள்: “ஏய், உக்காருங்க எல்லாரும்! எந்திரிச்சவன் காதைத் திருகிடுவேன்! நீ... கடைசியில இருக்கறவன்... உன்னைத்தான்!”

அலைகள் உட்காரவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பாயை இழுத்துப் பிடித்தாள். உடம்பைச் சாய்த்துக் கொக்கியில் பாரத்தைக் கொடுத்தாள். பலகை முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடத் தொடங்கியது. அவள் அவ்வளவு வேகத்தில் வேனைக்கூட ஓட்டியதில்லை. பாப்ளர் மரம் கிட்டே கிட்டே வந்தது.

கரையில் பலகையைக் கல் வைத்து அழுத்திவிட்டு, செருப்பில்லாமல், இறுக்கமான கறுப்பு உடையில் சொட்டச் சொட்ட ஊருக்குள் நடந்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: மணி இரண்டு. மத்தியானத் தூக்க நேரம். ஒரு மணிக்கு மூடிய கடை ஆறு மணிக்குத்தான் திறக்கும். ஆறுக்குமேல் கறி வெட்டி, மருந்து வாங்கி, கரைக்கு நடந்தால் காற்று அவளுக்காகக் காத்திருக்காது.

கறிக்கடைக்காரர் பௌதிலியோவின் வீடு கடைக்குப் பின்னால். ரமோனா கதவைத் தட்டினாள். பதில் இல்லை. சன்னலைத் தட்டினாள். கடைசியில், காலையில் பிள்ளைகள் வராத வீட்டு வாசலில் வேனில் அடிக்கும் ஹாரனை வாயாலேயே அடித்தாள்.

சன்னல் திறந்தது. ஒருபக்கம் நசுங்கிய தலைமுடியோடு பௌதிலியோ எட்டிப்பார்த்தார். “யாரு செத்தது?”

“யாரும் சாகலை பௌதிலியோ ஐயா. ஆட்டுக்கறி வேணும்.”

“ஆட்டுக்கறியா? இந்த நேரத்துலயா? பகல் ரெண்டு மணிக்கு எங்க ஊருல பேய்கூட வெளிய வராது தெரியுமா? எங்கேருந்தும்மா வர்றே?”

“அந்தக் கரையிலேருந்து.”

அவர் அவளைப் பார்த்தார். தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார், வண்டி எதுவும் இல்லை. “பாதைதான் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சே.”

“அதான் பாதையில வரலை.”

பௌதிலியோ கழுத்தை நீட்டி ஏரிப்பக்கம் எட்டிப்பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “அடியே, எந்திரி, ஒரு பொம்பளை ஏரிமேல நின்னுக்கிட்டு வந்திருக்கா” என்று மனைவியைக் கூப்பிட்டார். கடையைத் திறந்தார். ஆட்டுக்குட்டி ஒன்றை முழுசாக வெட்டித் துண்டு போட்டு, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டினார். அவள் கேட்ட உப்பை வைத்தார். யெர்பா நான்கு பாக்கெட் எடுத்தவர், யோசித்து ஐந்தாவதையும் எடுத்தார். மருந்துக் கடையைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“அது என் மச்சினி கடை. வா, எழுப்புவோம். நான் மட்டும் ஏன் தூக்கம் கெடணும்?”

மச்சினி இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மருந்தை எடுத்துக் கொடுத்தாள். காயம் எத்தனை நாளானது என்று கேட்டு, சுத்தம் செய்ய ஒரு புட்டியும் வைத்தாள். கிளம்பும்போது மூவருமாகக் கரைவரை வந்தார்கள். பௌதிலியோவின் மனைவி கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம், கொழுப்புப் பொரியல் வைத்துச் சுட்ட ரொட்டி.

“இது எங்க வைக்கறது? பை நிரம்பிடுச்சு” என்றாள் ரமோனா.

“வயித்துல வை. தின்னுட்டுப் போ.”

நின்றபடியே தின்றாள்.

திரும்பும்போது காற்று இன்னும் ஏறியிருந்தது. முதுகில் பத்துக் கிலோ. நட்ட நடு ஏரியில் ஒரு வீச்சு வந்து அவளைப் பாயோடு சேர்த்துத் தூக்கி அடித்தது. மூக்கிலும் வாயிலும் குளிர்ந்த தண்ணீர். மேலே வந்தபோது பை பின்னால் இழுத்தது. பலகையைப் பிடித்தாள். பாயின் ஓரத்தைக் காற்றுக்குக் காட்டி, அது தூக்கும்போது கூடவே எழும்ப வேண்டும். அந்த வித்தையைக் கழுத்தளவுத் தண்ணீரில்தான் அவள் பழகியிருந்தாள். முதல் முறை எழும்பி மறுபக்கம் விழுந்தாள். இரண்டாம் முறை பை சரித்துவிட்டது. கொஞ்ச நேரம் பலகையைக் கட்டிக்கொண்டு அப்படியே மிதந்தாள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமலேயே தான் மிதந்துகொண்டிருப்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆழம் அவளை ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் கிடந்தது. பை வாரை இறுக்கினாள். அடுத்த வீச்சுக்குக் காத்திருந்தாள். வந்தது. பாய் விம்மியது, அவளையும் ஆட்டையும் யெர்பாவையும் சேர்த்துத் தூக்கிப் பலகைமேல் நிறுத்தியது. அவள் போட்ட கூச்சல் குடாவரை கேட்டது என்று தெல்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

நீச்சல் தெரியாத எஃப்ரைன் இடுப்பளவுத் தண்ணீரில் உடுப்போடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் பலகையிலிருந்து இறங்கியதும் பையோடு கட்டிக்கொண்டான்.

“விடுய்யா, கறி நசுங்குது” என்றாள். அவன் விடவில்லை.

தெல்மா முதலில் மருந்தை எடுத்துக்கொண்டு கஸ்தோனிடம் ஓடினாள். அப்புறம்தான் யெர்பா. குடுவை ஒரு சுற்று வந்து முடிந்தபிறகுதான் கறியின் நினைவே எல்லாருக்கும் வந்தது.

ரமோனா ஈர உடுப்பை மாற்றிவிட்டுக் குழியில் தீ மூட்டினாள். கலப்பைத் தட்டில் எண்ணெய் காய்ந்ததும் ஆட்டுத் துண்டுகளைச் சிவக்கப் புரட்டினாள். கைநிறைய வெங்காயம், நசுக்கிய பூண்டு. ஒயின் இல்லை என்று அவள் கையைப் பிசைந்தபோது, சீட்டாடும் கூட்டத்தில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்த் தன் வேனின் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு புட்டி எடுத்துவந்தார்.

“பாவி மனுஷா! மூணு நாளா பூனைத் தண்ணி குடிச்சோமே!” என்று தெல்மா கரண்டியை ஓங்கினாள்.

“அது பிறந்தநாளுக்குன்னு வச்சிருந்தேன் அக்கா.”

“யாரோட பிறந்தநாள்?”

“அதை இன்னும் முடிவு பண்ணலை.”

ஒயின் சட்டியில் இறங்கியது. அரிசியைத் தூவி, பூசணித் துண்டைச் சேர்த்து, சக்கர மூடியை வைத்து மேலே கல் வைத்தாள். மூடியைத் திறந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, காற்று ஓய்ந்திருந்தது. தட்டுகள் வெள்ளத்தில் போனதால் எல்லோரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து கரண்டியாலும் ரொட்டியாலும் அள்ளினார்கள். உப்பு நாக்கில் பட்டபோது கஸ்தோன் கண்ணை மூடிக்கொண்டான். எஃப்ரைன் இரண்டு வாய்க்கு ஒரு முறை, “என் பொண்டாட்டி” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான், அவருக்குத் தெரியாததுபோல.

கஸ்தோனின் கால் மறுநாளே சூடு தணிந்தது. ரமோனா அதற்குப் பிறகு மூன்று முறை அக்கரைக்குப் போய்வந்தாள். முட்டையும் தக்காளியும் வாங்கிவந்தாள், ஒரு முறை தெல்மாவின் பூனைக்கு ஈரல். பௌதிலியோ அவளுக்காக மத்தியானம் கடைக் கதவை ஒருச்சாய்த்துத் திறந்துவைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கினார். நாலாவது பயணத்துக்கு அவசியமே இருக்கவில்லை. “சும்மா, கடுகு வாங்கப் போனேன்” என்றாள். கடுகு வாங்கி வரவில்லை.

வெள்ளம் வந்த ஏழாம் நாள் இயந்திரம் வந்து பள்ளத்தை நிரப்பியது. அதை ஓட்டிவந்த ஆள், பட்டினியில் சுருண்டு கிடப்பார்கள் என்று நினைத்து, பிஸ்கட் பெட்டியோடு இறங்கினான். சாம்பலில் சுட்ட சூடான ரொட்டியை அவன் கையில் திணித்து உட்காரவைத்தார்கள்.

இரண்டாவது ரொட்டியையும் முடித்துவிட்டு, “பாதை சரியாயிடுச்சும்மா. இப்பவே கிளம்பினா இருட்டறதுக்குள்ள சான் ஹுவான் போயிடலாம்” என்றான்.

மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. ஏரியின் தெற்கு மூலையில் தண்ணீர் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது. ரமோனா அந்தப் பக்கம் ஒரு கண் வைத்தபடியே இடுப்புக் கொக்கியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்பவா? காத்து வர்ற நேரத்துல யாராச்சும் கிளம்புவாங்களா?” என்றாள்.

மேலும் எட்டு நாள் இருந்தார்கள்.